போல்ட்டுக்கும் ஒரு தலையெழுத்து!

ஆழியார்ல இருந்து வால்பாறை ஏறுற ரோட்டுல மொத்தம் எத்தனை கொண்டை ஊசி வளைவு? '40'னு பட்டுனு சொல்லிட்டீங்களா? சபாஷ், நீங்க நம்ம ஏரியாதான். சரி, ரெண்டாவது கேள்வி. நீங்க தினமும் ஓட்டுற பைக்குல இருக்கற ஒரு போல்ட்டோட தலையில என்ன எழுதியிருக்கு? முழிக்கிறீங்களா? கவலைப்படாதீங்க. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரை அரியர் வெச்சு, ரெண்டாவது அட்டெம்ட்டுல தேத்தின எனக்கும் போன தீபாவளி லீவு வரைக்கும் தெரியாது.

என் பெரியப்பா பையன் வால்பாறையில இருக்காரு. அவருகிட்ட ஒரு பழைய ஓப்பன் ஜீப். அதுல சில்வர் கலர்ல பளபளன்னு ஒரு ரோல் பார், அது மேல வரிசையா நாலு ஃபாக் லேம்ப். ஜீப்பை விட அந்த பார்தான் அண்ணனுக்கு உசுரு. அவரோட ரெண்டு வாண்டுகளுக்கும் அப்படித்தான். வண்டி கிளம்பினா சீட்டுல உட்கார மாட்டாங்க. பின்னாடி நின்னுக்கிட்டு, ரெண்டு கையாலயும் பாரை பிடிச்சுக்கிட்டு 'ஓ'னு கத்திட்டே வருவாங்க.

லீவுக்குப் போன என்னையும் கூட்டிக்கிட்டு பொள்ளாச்சியில இருந்து ஏறினோம். நாலாவது வளைவு தாண்டும்போது பின்னாடி 'கட கட'ன்னு ஒரு சத்தம். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கட கட. ஒன்பதாவது வளைவுல லோம்ஸ் வியூ பாயின்ட் இருக்கே, ஆழியார் டேம் மொத்தமா தெரியுற இடம், அங்க வண்டியை ஓரம் கட்டினோம். எல்லாரும் டேமைப் பார்த்தாங்க. நான் பாரை பிடிச்சு ஒரு ஆட்டு ஆட்டினேன். ஆடுச்சு! குனிஞ்சு பார்த்தா, இடது பக்கக் கால்ல இருந்த ரெண்டு போல்ட்டுல ஒண்ணுக்கு நட்டே இல்ல. இன்னொரு நட்டு என் விரலாலயே சுத்துச்சு.

அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் ரெண்டு குழந்தைங்க அந்த பாரை நம்பித்தான் நின்னுட்டு வந்தாங்க. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

"அட போடா, வருஷக்கணக்கா இப்படித்தான் ஓட்டறேன்"னாரு அண்ணன். இருந்தாலும் வாண்டுகளை சீட்டுல உட்கார வெச்சுட்டு மீதி 31 வளைவையும் மெதுவா ஏறினோம். வீட்டுக்குப் போனதும் அந்த போல்ட்டை உருவி எடுத்து, துணியால துடைச்சு, தலையைப் பார்த்தேன். வழவழன்னு மொட்டைத் தலை. ஒரு எழுத்து இல்ல, ஒரு நம்பர் இல்ல.

அங்க ஆரம்பிச்சதுதான் இந்த வாரக் கதை.

நம்பர்ல என்ன இருக்கு?

நல்ல போல்ட்டோட தலையில ரெண்டு விஷயம் இருக்கும். ஒண்ணு, தயாரிச்ச கம்பெனியோட குறி. இன்னொண்ணு 4.6, 8.8, 10.9, 12.9 இப்படி ஒரு நம்பர். இதுக்கு 'கிரேடு'ன்னு பேரு. படிக்கிறது ரொம்ப ஈஸி. 8.8 எடுத்துக்கோங்க. புள்ளிக்கு முன்னாடி இருக்கற 8-ஐ 100-ஆல பெருக்குங்க. 800. அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுத்தாத்தான் போல்ட் அறும். புள்ளிக்குப் பின்னாடி இருக்கற 8-க்கு அர்த்தம், அந்த 800-ல 80 சதவீதம், அதாவது 640-ல போல்ட் நிரந்தரமா நீள ஆரம்பிச்சுடும். நீண்ட போல்ட் திரும்ப பழைய அளவுக்கு வராது. அதுக்கப்புறம் அது வெறும் ஆணிதான்.

இப்ப 13-ஆம் நம்பர் ஸ்பேனர் போடுவோமே, அந்த எம்8 போல்ட்டை வெச்சு ஒரு கணக்கு. மரையோட ஆழத்தைக் கழிச்சுட்டா அதுல இழுவையைத் தாங்கற பரப்பு 36.6 சதுர மில்லிமீட்டர். 8.8 கிரேடா இருந்தா, அறுக்க சுமார் 3 டன் வேணும். 4.6 கிரேடா இருந்தா 1.5 டன்னே போதும். நீள ஆரம்பிக்கிற கணக்கு இன்னும் மோசம். 8.8-க்கு சுமார் 2.4 டன், 4.6-க்கு வெறும் 0.9 டன். பார்க்க ரெண்டும் ஒரே போல்ட். ஒரே நட்டு, ஒரே ஸ்பேனர். ஆனா தெம்பு ரெண்டரை மடங்குக்கு மேல வித்தியாசம்! இதுவும் நேரா இழுக்கிற கணக்கு. பக்கவாட்டுல வெட்டுற விசைன்னா தோராயமா இதுல 60 சதவீதம்தான் தாங்கும்.

தலையில ஒண்ணுமே எழுதாத போல்ட்? அதை 4.6-ன்னு நினைச்சுக்கிறதே நம்ம பெருந்தன்மை.

ரோல் பாருக்கு எது?

உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்.ஐ.ஏ. இதுக்கு விதியே வெச்சிருக்கு. ரோல் கேஜோட முக்கியமான ஒவ்வொரு காலுக்கும் குறைஞ்சது மூணு எம்8 போல்ட், கிரேடு 8.8-க்குக் குறையக் கூடாது. நட்டு தானா கழலாத வகையா இருக்கணும். இதெல்லாம் 'குறைஞ்சது'. பெரிசா போட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

கோயமுத்தூர்க்காரங்க இதை எங்கயோ வெளிநாட்டு சமாச்சாரம்னு தள்ளிட முடியாது. மாருதி இன்ஜினை வெச்சு ஒத்தை சீட் ரேஸ் கார் செஞ்சு, நம்ம பசங்களையும் ரேஸ் ஓட்ட வெச்ச எஸ்.கரிவர்தன் இந்த ஊர்க்காரர். 1995-ல குட்டி விமான விபத்துல இறந்துட்டாரு. 2003-ல செட்டிபாளையத்துல வந்த ரேஸ் டிராக்குக்கு அவர் பேரைத்தான் வெச்சாங்க, கரி மோட்டார் ஸ்பீட்வே. 2005-ல இந்தியாவோட முதல் ஃபார்முலா ஒன் டிரைவரா ஜோர்டான் டீமுக்கு ஓட்டின நரேன் கார்த்திகேயனும் நம்ம கோவைதான்.

அதே செட்டிபாளையம் டிராக்குலதான் இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்ஸ் தாங்களே செஞ்ச காரைக் கொண்டு வந்து மோதுற ஃபார்முலா பாரத் போட்டி பல வருஷமா நடந்திருக்கு. இந்த மாதிரி ஸ்டூடன்ட் போட்டிகள்ல டெக்னிக்கல் இன்ஸ்பெக்ஷன்னா சாதாரணம் இல்லீங்க. முக்கியமான இடத்துல 8.8-க்குக் குறைஞ்ச போல்ட் இருந்தா வண்டி டிராக்குக்குள்ள போகாது. லாக் நட்டுக்கு வெளிய குறைஞ்சது ரெண்டு மரையாவது நீட்டிக்கிட்டு இருக்கணும். ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கேன், மரைக்கு பசை தடவியிருக்கேன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. நைலான் வளையம் வெச்ச லாக் நட்டு, பின், கம்பிக் கட்டு இப்படி கண்ணுல தெரியுற மாதிரி ஒரு பூட்டு வேணும்.

ஸ்பிரிங் வாஷர் மேல ஏன் இவ்வளவு கோவம்? ஜெர்மன் இன்ஜினீயர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-லயே காட்டிட்டாரு. நட்டு கழல்றதுக்குப் பெரிய காரணம் குறுக்குவாட்டு அதிர்வு. இறுக்கமா பிடிச்சிருக்கற ரெண்டு பரப்பும் பக்கவாட்டுல லேசா வழுக்க ஆரம்பிச்சா, நட்டு தானே சுத்திக் கழண்டுடும். அந்த மாதிரி அதிர்வுல ஸ்பிரிங் வாஷர் பெரிசா ஒண்ணும் காப்பாத்தாது. கொண்டை ஊசி வளைவுல லெஃப்ட், ரைட்டுன்னு மாறி மாறி ஆடுற ஒரு பாருக்கு இதை விட கரெக்டான விளக்கம் உண்டா?

அப்ப 12.9 வாங்கிடலாமே!

நானும் அப்படித்தான் நினைச்சேன். அண்ணனை நச்சரிச்சு, மறுநாள் பொள்ளாச்சிக்கு இறங்கி ஒரு போல்ட் கடைக்குப் போனோம்.

"அண்ணா, இருக்கறதுலயே ஸ்ட்ராங்கான போல்ட் குடுங்க"ன்னேன். கடைக்காரர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தாரு. "ஏனுங் தம்பி, எதுக்குன்னு சொல்லுங்க. அதுக்குத் தகுந்ததுதான் ஸ்ட்ராங்கு"ன்னாரு. நாலு வருஷ கோர்ஸை ஒத்தை வரியில முடிச்சுட்டாரு மனுஷன்.

விஷயம் என்னன்னா, நம்பர் ஏற ஏற போல்ட் கடினமாகும். ஆனா வளைஞ்சு குடுக்கிற குணம் குறையும். 12.9 மாதிரி ரொம்ப கடினமான போல்ட்டுக்கு துத்தநாக முலாம் பூசும்போது, உள்ள ஹைட்ரஜன் புகுந்துக்கற ஆபத்து வேற இருக்கு. அப்படிப் புகுந்துட்டா இன்னிக்கு நல்லா இருக்கற போல்ட் நாளைக்கோ அடுத்த நாளோ எந்த எச்சரிக்கையும் இல்லாம 'டக்'னு உடையும். வண்டி உருளும்போது நமக்கு வேண்டியது உடையறதுக்கு முன்னாடி கொஞ்சம் வளைஞ்சு, நீண்டு, அடியை வாங்கிக்கிற போல்ட். அதனாலதான் 8.8-ங்கறது நியாயமான இடம்.

அடுத்து எவர்சில்வர் போல்ட். துருவே பிடிக்காது, பார்க்க ஜம்முனு இருக்கும். ஆனா கடையில கிடைக்கிற சாதாரண எவர்சில்வர் போல்ட் தலையில ஏ2-70-ன்னு இருக்கும். அது 700 வரைக்கும் தாங்கும், ஆனா 450 தாண்டினாலே நீள ஆரம்பிச்சுடும். 8.8-ல இது 640. மழை ஊருக்கு நல்லதேன்னு எவர்சில்வருக்குத் தாவினா தெம்புல இறங்கிடுவீங்க.

இன்னொரு விஷயம், நீளம். ரெண்டு தகடும் சந்திக்கிற இடத்துல போல்ட்டோட மரை இல்லாத வழவழப்பான உடம்பு இருக்கணும். மரை விழுந்த இடம் சன்னம், அங்கதான் முதல்ல வெட்டுப்படும். 'முழுக்க மரை இருக்கற போல்ட் நல்லது, எங்க வேணா இறுக்கலாம்'னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

இறுக்கறதுக்கும் அளவு உண்டு. எம்8, 8.8 கிரேடு போல்ட்டுக்கு தோராயமா 25 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் நீள ஸ்பேனரோட நுனியில சுமார் 10 கிலோ எடை வெச்ச மாதிரி. ஸ்பேனர்ல பைப்பை மாட்டி, மேல ஏறி மிதிச்சா போல்ட் அங்கயே நீண்டுடும். நீங்க 'டைட்டா இருக்கு'ன்னு சந்தோஷப்படுவீங்க. அது உள்ள செத்துப் போயிருக்கும்.

கண்ணை நம்பாதே!

'இதெல்லாம் எதுக்குப்பா, பழைய போல்ட்டைக் காட்டி அதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டா போச்சு'ங்கறீங்களா? 1990 ஜூன் 10-ஆம் தேதி பர்மிங்ஹாம்ல இருந்து ஸ்பெயினுக்குக் கிளம்பின பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தோட கதையைக் கேளுங்க. சுமார் 17,300 அடி உயரத்துல காக்பிட் கண்ணாடி அப்படியே பிச்சுக்கிட்டுப் போச்சு. கேப்டன் பாதி உடம்பு வெளிய போய் காத்துல தொங்கினாரு. விமானப் பணியாளர்கள் அவர் காலை இழுத்துப் பிடிச்சுக்கிட்டாங்க. கோ-பைலட் விமானத்தைப் பத்திரமா இறக்கினாரு. கேப்டன் பிழைச்சுட்டார், அது அதிசயம்.

காரணம்? கிளம்பறதுக்கு முந்தின நாள்தான் அந்தக் கண்ணாடியை மாத்தியிருந்தாங்க. புதுசா போட்ட 90 போல்ட்டுல 84-ம் ஒரு மில்லிமீட்டரை விடக் குறைவான அளவுக்கு சன்னம். மீதி 6-ம் நீளம் பத்தாது. பழைய போல்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு, கண்ணால ஒப்பிட்டு எடுத்த போல்ட்டுங்க அவை. இதுல கொடுமை என்னன்னா, அந்தப் பழைய போல்ட்டுங்களே தப்பான சைஸ்தான். தப்பைப் பார்த்து காப்பி அடிச்சு, அதுலயும் தப்பு பண்ணிட்டாங்க. எக்ஸாம் ஹால் ஞாபகம் வருதா?

தலையில நம்பர் இருந்தா மட்டும் போதுமா? அதுவும் போதாது. 1980-கள்ல அமெரிக்காவுல உசந்த கிரேடு குறியோட தரம் குறைஞ்ச போல்ட்டுங்க ஏகப்பட்டது சந்தைக்கு வந்து, ராணுவம் வரைக்கும் போயிடுச்சு. அதனாலயே 1990-ல போல்ட், நட்டு தரத்துக்குன்னு தனிச் சட்டம் போட்டாங்க. ஒரு போல்ட்டுக்காக ஒரு நாடு சட்டம் போட்டிருக்குன்னா பார்த்துக்கோங்க. அதனால கம்பெனி குறி, கிரேடு நம்பர் ரெண்டும் இருக்கறதா பார்த்து, கம்பெனி டப்பாவுல இருந்து எடுத்துக் குடுக்கற கடையில வாங்குங்க, பில்லோட.

கடைசியில என்ன ஆச்சு?

நான் எட்டு போல்ட், எட்டு நைலாக் நட்டு, வாஷர் எல்லாம் வாங்கிட்டு வெற்றி வீரன் மாதிரி மலையேறினேன். மறுநாள் ஜீப்புக்கு அடியில படுத்து மிச்ச போல்ட்டுகளையும் கழட்டினேன். அப்பத்தான் நிஜ வில்லன் தெரிஞ்சான்.

பாரோட காலுக்கும் ஜீப்போட தரைக்கும் நடுவுல, சத்தம் வராம இருக்க பழைய டியூப் ரப்பரை வெட்டி வெச்சிருந்தாங்க. ரப்பர் நாளாக நாளாக நசுங்கும். நசுங்கினா பிடி போயிடும், நட்டு லூஸாகும். கட கட சத்தத்துக்கு மூலம் அதுதான். அதை விட மோசம், தரைக்கு அடியில தாங்குதகடே இல்ல. சும்மா சின்ன வாஷர். சட்டை பட்டனைப் பிடிச்சு பலமா இழுத்தா என்ன ஆகும்? நூல் அறுந்தா பரவாயில்ல, பல நேரம் துணியே கிழிஞ்சு வரும். இங்கயும் அப்படித்தான். எஃப்.ஐ.ஏ. விதியில முக்கியமான கால்களுக்கு அடியில குறைஞ்சது 3 மில்லிமீட்டர் தடிமன், 120 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள இரும்புத் தகட்டை பாடியோட வெல்டிங் பண்ணணும்னு இருக்கறது இதுக்குத்தான். அந்த ரப்பரை எடுத்துட்டு ஸ்க்ரூ டிரைவரால தரையைக் குத்தினேன். உள்ள இறங்கிடுச்சு. வால்பாறை மழை பல வருஷமா தின்ன துரு.

3 டன் தாங்கற போல்ட்டை அப்பளத்துல மாட்டி என்ன பிரயோஜனம்?

பாரோட பைப்பைத் தட்டிப் பார்த்தோம். மெல்லிசா, கைப்பிடி கிரில்லுக்குப் போடுற பைப் மாதிரி சத்தம். எஃப்.ஐ.ஏ. கேஜோட மெயின் பைப் 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் தடிமன்ல, மூட்டு இல்லாம இழுத்த குழாயா இருக்கணும். இது அழகுக்கு வெச்ச பார். உருண்டா காப்பாத்தறதுக்கு இல்ல. 2022-ல சில்வர்ஸ்டோன் ரேஸ்ல சீன டிரைவர் சோ குவான்யுவோட கார் தலைகீழா உருண்டப்ப, எத்தனையோ சோதனை தாண்டி வந்த ஃபார்முலா ஒன் கார்லயே ரோல் ஹூப் பேந்து போச்சு. 'ஹாலோ'ங்கற வளையம்தான் அவரைக் காப்பாத்துச்சு. அந்த லெவல்லயே அப்படின்னா, நம்ம டியூப் ரப்பர் டெக்னாலஜி எந்த மூலைக்கு?

இன்னும் ரெண்டு விஷயம். ரேஸ்ல ரோல் கேஜ் இருக்கற கார்ல உட்கார்றவர் ஹெல்மெட்டும் பல முனை சீட் பெல்ட்டும் போட்டிருப்பாரு. ரோட்டுல நாம வெறும் தலையோட உட்கார்றோம். சின்ன மோதல்ல கூட தலை போய் இடிக்கிறது அந்த இரும்புலதான். அப்புறம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவுப்படி ஆர்.சி. புக்குல இருக்கற விவரத்துக்கு மாறா வண்டியை இஷ்டத்துக்கு மாத்த முடியாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்தமா சொல்லிடுச்சு. ரோல் கேஜோடயே கம்பெனியில இருந்து வர்ற வண்டின்னா அது வேற கதை. அதைக் கழட்டாதீங்க, அதுல கூடுதலா ஓட்டையும் போடாதீங்க.

இதையெல்லாம் அண்ணன்கிட்ட சொல்றதுதான் போல்ட் கழட்டறதை விடக் கஷ்டமா இருந்துச்சு. "நீ படிச்சவன், என்ன வேணா சொல்லுவே"ன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. நான் எதுவும் பேசாம ஸ்க்ரூ டிரைவரை அவர் கையில குடுத்து, "நீங்களே ஒரு தடவை குத்திப் பாருங்ணா"ன்னேன். குத்தினாரு. வெளிய எடுத்தாரு. ஓட்டையையே கொஞ்ச நேரம் பார்த்தாரு. முற்றத்துல வாண்டுங்க விளையாடிட்டு இருந்தாங்க. ஒரு தடவை அவங்களையும் பார்த்தாரு.

சாயங்காலத்துக்குள்ள பார் ஜீப்புல இருந்து இறங்கிடுச்சு. ஃபாக் லேம்ப்போட சேர்த்து. மொட்டை அடிச்ச மாதிரி இருந்த ஜீப்பைப் பார்த்து வாண்டுங்க ஒப்பாரி வெச்சாங்க. தரைத் தகட்டை முழுசா மாத்தி, சீட்டுக்கு பெல்ட் போட ஆள் பார்க்கலாம்னு முடிவாச்சு. நான் வாங்கின எட்டு போல்ட்டும் டப்பாவுல அப்படியே இருக்கு. அதுக்கான காசை அண்ணன் இன்னும் தரல!

ரெண்டு நாள் அண்ணன் என்கூட சரியா பேசல. நான் கோவை திரும்பி ஒரு வாரம் கழிச்சு போன். "டேய், ஜீப்புல ஒரு போல்ட்டுத் தலையில நம்பர் இல்ல, மூணு கோடு இருக்கு. நல்லதா கெட்டதா?" எனக்கு சந்தோஷம் தாங்கல. "நல்லதுதாங்ணா. அது இன்ச் கணக்கு போல்ட். மூணு கோடுன்னா கிரேடு 5, கிட்டத்தட்ட நம்ம 8.8. ஆறு கோடு இருந்தா கிரேடு 8, அது இன்னும் உசத்தி"ன்னேன். "ம்ம்"னு வெச்சுட்டாரு. ஆனா மனுஷன் ஜீப்புக்கு அடியில படுத்து ஒவ்வொரு தலையா படிச்சுட்டு இருக்காருன்னு புரிஞ்சுது.

இந்த ஞாயித்துக்கிழமை உங்களுக்கும் ஒரு ஹோம்வொர்க். ஒரு துணியை எடுத்துக்கிட்டு உங்க பைக்குகிட்ட போங்க. பிரேக் காலிப்பர், ஹேண்டில் பார், சைடு ஸ்டாண்டு. ஒவ்வொரு போல்ட் தலையையும் துடைச்சுப் படிங்க. எங்கயாவது மொட்டைத் தலை உங்களைப் பார்த்து சிரிச்சா, அந்த இடத்துக்கு கம்பெனி என்ன போல்ட் சொல்லியிருக்குன்னு சர்வீஸ் புக்குல பாருங்க, இல்லன்னா நல்ல மெக்கானிக்கைக் கேளுங்க. நம்ம தலையெழுத்தை நம்மால படிக்க முடியாது. போல்ட்டோடதைப் படிக்கலாமே!

அடுத்த வாரம் பார்க்கலாம். வர்ட்டா?